வியாழக்கிழமையோடு முடிந்த படம்

டுப்... டுப்டுப்... டுப்டுப்டுப்டுப்!

சனிக்கிழமைப் பின்னேரம். குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டு ஹென்ரிக் தன் கராஜ் வாசலில் புது ஜெனரேற்றரின் கயிற்றை இழுத்தார். மூன்றாம் இழுவைக்கு அது இருமியது. நாலாம் இழுவைக்குப் பாடியது. பாட்டு என்றுதான் சொல்வேன். பாட்டுக்குப் பின்னால் வேலியைத் தாண்டிப் புகை வந்தது. கறுத்த, கொழுத்த, அருமையான புகை!

என் கால்கள் என்னைக் கேட்காமலே என்னைத் தோட்டத்துக்குக் கொண்டுபோயின. புல்லில் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டேன். கையில் கத்தி, கண்ணில் வெங்காயத் தண்ணீர். எதிரே ஹென்ரிக்கின் கராஜ் கதவு வெள்ளை வெளேரென்று விரிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹென்ரிக் பயந்துபோனார். தலை சுற்றுகிறதா என்று கேட்டார்.

“இல்லை. படம் தொடங்கப்போகிறது” என்றேன் டேனிஷில்.

போன கிழமை இந்தப் பத்தியில், கிரின்ஸ்டெட் ஊர்த் தொழிற்சாலை வாசலில் பனியில் சறுக்கி மேற்பார்வையாளரின் காலடியில் போய் நின்ற கதையை எழுதியிருந்தேன். இந்தக் கிழமை என் முதல் காரைப் பற்றி எழுதுவதாக இருந்தது. அது காத்திருக்கட்டும். எங்கேயும் போகாத கார்தான் அது. ஜெனரேற்றர் காத்திராது.

ஹென்ரிக் ஏன் அதை வாங்கினார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் இப்போது ஒவ்வொரு வீட்டிலும் மூன்று நாளுக்குத் தண்ணீர், சாப்பாடு, மெழுகுதிரி, பற்றரி ரேடியோ வைத்திருக்கும்படி அரசாங்கம் சொல்லியிருக்கிறது. அந்தச் செய்தி வந்த நாளில் என் மனைவி சுகந்தி கைபேசியை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் வீட்டுக்குள்தான் எங்கேயோ கிடக்கிறது.

“மூண்டு நாளோ? உது விரதம் பிடிக்கிற கணக்கெல்லோ!”

ஒரு நாள் ஹென்ரிக்கைக் கூப்பிட்டு எங்கள் சாமான் அறையைத் திறந்து காட்டினாள். அரிசி மூட்டைகள், பருப்பு, மீன் பேணிகள், இரண்டு விதமான மா, மூன்று விதமான மிளகாய்த்தூள். ஹென்ரிக் தொப்பியைக் கழற்றிவிட்டார். தேவாலயத்தில் நிற்பதைப் போல நின்றார். அடுத்த கிழமை ஜெனரேற்றர் வாங்கினார். அவருக்கும் ரோஷம் இருக்கும்தானே.

கிணற்றடியில் இருமிய மிருகம்

யாழ்ப்பாணத்தில் யுத்தத்தால் கரண்ட் என்பதே பழங்கதையாகிவிட்ட காலம். எனக்குப் பதினேழு வயது. எங்கள் ஒழுங்கையில் ஒரு கல்யாணம் நடந்தது. நடந்த மறுநாளே பாதை பூட்டு. வந்த சனம் திரும்பிப்போக வழியில்லை. மாப்பிள்ளை பகுதி, பொம்பிளை பகுதி, சமையல்காரர், மேளகாரர் எல்லாரும் ஒரே வீட்டுக்குள், நாலாம் நாள். புதுப் பொம்பிளையும் மாப்பிள்ளையும் இன்னும் தனியே நாலு வார்த்தை கதைக்கவில்லை என்று ஒழுங்கை முழுக்கக் கவலைப்பட்டது.

“படம் போடுவமே?” என்று யாரோ கேட்டார்கள்.

படம் போடுவது என்றால் ரீவி ஒரு வீட்டிலிருந்து வரவேண்டும். வீடியோ கசற் போடும் டெக் இன்னொரு வீட்டிலிருந்து வரவேண்டும். ஜெனரேற்றர் சைக்கிள் கரியரில் கயிற்றால் கட்டி, மணவறைக்குப் போகிறதைப் போல இரண்டு பக்கமும் ஆள் பிடித்து வரவேண்டும். மண்ணெண்ணெயில் ஓடும் மிருகம் அது. ஆனால் ஒரு மூடி பெற்றோல் மணக்கக் காட்டினால்தான் கண் திறக்கும்.

சத்தம் வானத்தில் சுற்றும் குண்டு விமானங்களுக்குக் கேட்கக்கூடாதென்று அதைக் கிணற்றடி வாழைகளுக்குள் வைத்துச் சாக்கால் மறைப்புக் கட்டினார்கள். வானத்துக்குக் கேட்டதோ தெரியாது. எங்களுக்கு ரீவிதான் கேட்கவில்லை.

பகல் பதினொரு மணிக்கு யன்னலெல்லாம் சீலை கட்டி இருட்டாக்கியாயிற்று. ஒரு வீட்டு விறாந்தைக்குள் ஒழுங்கையே இருந்தது. வியர்வை, வாடின மல்லிகை, மண்ணெண்ணெய். அந்த மூன்றும் சேர்ந்த மணத்தை யாராவது போத்தலில் அடைத்து விற்றால் முதல் போத்தல் எனக்குத்தான்.

வந்த கசற் இரண்டு. முதலாவது தமிழ்ப் படம். முதல் பாட்டு முடிய முன்னரே டெக் நாடாவைச் சப்பித் துப்பிவிட்டது. மற்றது இங்கிலிஷ் படம், கறுப்பு வெள்ளை. கீழே ஒரு எழுத்தும் ஓடவில்லை.

“பரவாயில்லை, போடு. ஆக்கள் அசைஞ்சால் காணும்” என்றார் மேளகாரர்.

“பரமேஸ் ரீச்சரைக் கூப்பிடுங்கோ!”

பரமேஸ் ரீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் படிப்பித்தவர். முப்பத்தைந்து வயது இருக்கும். பொம்பிளைக்குச் சித்தி முறை. பின்பக்கம் சம்பல் இடித்துக்கொண்டிருந்தவர் உலக்கையைப் போட்டுவிட்டு வந்தார். ரீவிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு இருந்துகொண்டு தொண்டையைச் செருமினார். ஜெனரேற்றரை வெல்லக்கூடிய குரல் எங்கள் ஊரில் அது ஒன்றுதான்.

சண்டை இல்லாத சண்டைப் படம்

அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர். வெள்ளைப் படி வைத்த வீடு. அப்பாக்காரர் இரும்புக்கடை வைத்திருக்கிறார். அம்மாக்காரி எந்த நேரமும் மாப் பிசைகிறாள். ஒரு மகன், அவனுக்கு ஒரு தங்கச்சி. அந்தக் காலப் பெரிய யுத்தம். மகனைச் சண்டைக்குக் கூப்பிடுகிறார்கள். இதெல்லாம் ரீச்சர் கத்திச் சொன்னது.

அரை மணித்தியாலமாகியும் ஒரு துவக்குக்கூட வெடிக்கவில்லை. மேளகாரர் பொறுமை இழந்தார்.

“ரீச்சர், சண்டை எங்கை?”

“சண்டை வேற இடத்திலை. இது வீட்டிலை இருக்கிற ஆக்களின்ர கதை.”

“அப்ப எங்கட கதை எண்டு சொல்லுங்கோவன்!”

அதோடு படம் எங்களுடையதாகிவிட்டது. திரையில் அம்மாக்காரி அலுமாரியைத் திறந்து, சீனிப் பாத்திரத்தை எடுத்து, உள்ளே பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

“சீனிக்குத் தட்டுப்பாடாம்” என்றார் ரீச்சர்.

பாத்திரத்தில் அரைவாசிக்குச் சீனி! நாங்கள் ஒரு துண்டு பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு ஒரு கோப்பை வெறும் தேத்தண்ணீர் குடித்த சனம். விறாந்தை வெடித்தது. சமையல்காரர் எழும்பித் திரைக்குக் கிட்டப் போய்ப் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

“உவவுக்குச் சொல்லுங்கோ ரீச்சர், நாங்கள் வாறம் எண்டு!”

“தலைமயிரைப் பாருங்கோடி. சண்டைக்கை ஒரு சுருள் குலையேல்லை.”

“உந்தப் படத்து வீட்டு லைற்றை ஆரெண்டாலும் நிப்பாட்டுங்கோவன். பகலிலையும் எரியுது!”

தங்கச்சிக்காரி வீடு வீடாகப் போய்ப் பழைய தகரம் பொறுக்கினாள். அப்பாக்காரர் தோட்டத்தில் தக்காளி நட்டார். ஸ்ரேசனில் மகன் ரயிலேறினான். அம்மாக்காரி அவன் கொலரைச் சரிபண்ணினாள். அது சரியாகத்தான் இருந்தது, ஆனாலும் சரிபண்ணினாள். பெண்கள் பக்கத்தில் சிரிப்பு சற்று அடங்கியது.

பிறகு ஒரு காலை. வெள்ளைப் படி. தொப்பி போட்ட ஒருவன் சைக்கிளில் வந்து இறங்கி, ஒரு கடித உறையை நீட்டினான்.

தந்தி. அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

விறாந்தை அப்படியே திரும்பி யோகமக்காவைப் பார்த்தது. தையல் மெசின் வைத்திருந்த யோகமக்கா, ரீச்சரின் முக்காலிக்குப் பக்கத்தில், கால் நீட்டி இருந்தார். அவருடைய மூத்தவன் சில மாதத்துக்கு முன் ஒரு சொல்லும் சொல்லாமல் வீட்டைவிட்டுப் போயிருந்தான். கடிதம் இல்லை, தகவல் இல்லை.

திரையில் அம்மாக்காரி உறையைப் பிரித்தாள். ரீச்சர் வாய் திறக்கவில்லை. ஜெனரேற்றர் ஒரு பத்துத் தடவை துடித்திருக்கும்.

பிறகு, வீடு அதிர ஒரு குரல்:

“தம்பிக்கு லீவு கிடைச்சிட்டுதாம்! வெள்ளிக்கிழமை வாறானாம்!”

கைதட்டல்! விசில்! மேளகாரர் தவிலை இழுத்து மடியில் வைத்து நாலு தட்டுத் தட்டினார். திரையில் அம்மாக்காரி படியிலேயே சரிந்து விழுந்தாள்.

“பாருங்கோவன், சந்தோசத்திலை கால் ஏலாமல் போச்சு!” என்றார் ரீச்சர்.

அடுத்த காட்சியில் எல்லாரும் கறுப்பு உடுத்தியிருந்தார்கள்.

“அவையள் நல்ல காரியத்துக்குக் கறுப்புத்தான் உடுப்பினம்.”

அப்பாக்காரர் மகனின் அறையில் தனியே இருந்து மேசையைத் தடவினார்.

“அறை ஒதுக்குறார். பிள்ளை வரேக்கை துப்பரவா இருக்கவேணுமெல்லோ.”

கடைசியில் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் நாலு கோப்பை வைத்து, நாலாம் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் முடிந்தது.

“ரீச்சர், பெடியன் வரேல்லையே?” என்று பொம்பிளை கேட்டாள். கல்யாணமான பிறகு அவள் எல்லார் முன்னும் வாய்விட்டுக் கேட்ட முதல் கேள்வி அது.

“படம் வியாழக்கிழமையோட முடிஞ்சு போச்சு, பிள்ளை. அவன் நாளைக்கு வருவான்.”

எனக்கு அந்த நாட்களில் அதைவிடச் சந்தோசமான பகல் வேறு கிடையாது.

பொங்கல் ஆறுது, சாப்பிடு

இனி வைலே, நாங்கள் இப்போது இருக்கும் ஊர்.

எங்கள் மகள் ஆரணிக்குப் பதினெட்டு முடிந்ததும் கடிதம் வந்தது. முன்னரெல்லாம் இராணுவப் பயிற்சிக்குப் பெடியன்களை மட்டும்தான் கட்டாயமாகக் கூப்பிடுவார்கள். இப்போது பெட்டைகளையும் கூப்பிடுகிறார்கள். ஒரு நாள் போய் உடம்பைக் காட்டி, ஒரு உருளைக்குள் கைவிட்டு நம்பர் எடுக்கவேண்டும். சின்ன நம்பர் என்றால் போகத்தான் வேண்டும். பெரிய நம்பர் என்றால் தப்பிவிட்டீர்கள்.

ஆரணி பெரிய நம்பர் எடுத்தாள். பென்னாம்பெரிய நம்பர்! நான் வேலை செய்யும் களஞ்சியத்தில் பாரந்தூக்கி வண்டியை நிறுத்திவிட்டு நடுவழியில் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். வீட்டுக்கு வந்து என் கையால் சர்க்கரைப் பொங்கல் பொங்கினேன். முந்திரிகை வற்றல் ஒரு பிடி கூட.

இரண்டாம் கரண்டி போடும்போது ஆரணி சொன்னாள்.

“அப்பா, நான் கையெழுத்து வைச்சிட்டன்.”

“எதுக்கு?”

“ஆமிக்கு. பதினொரு மாசம்.”

“நம்பர்தான் விழேல்லையே!”

“விழாட்டிலும் விருப்பமெண்டால் போகலாம்.”

எங்கள் வீட்டில் ஆமி என்ற சொல் ஒருநாளும் சிரித்த முகத்தோடு படியேறியதில்லை. அதை என் பிள்ளை பொங்கல் வாயோடு சொல்கிறாள். சுகந்தி கரண்டியைக் கீழே வைத்தாள். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறவள், எதற்கும் சட்டென்று பதறமாட்டாள். பிறகு கேட்டாள்:

“சப்பாத்து அவையளே தருவினமோ, நாங்கள் வாங்கவேணுமோ?”

அதுதான் சுகந்தியின் சம்மதம். முடிந்தது. எவ்வளவு அழகாக முடிந்தது!

ஆரணி என்னைப் பார்த்தாள். அவள் என்னோடு பாதி டேனிஷில்தான் கதைப்பாள். அன்று முழுக்கத் தமிழில் கேட்டாள்.

“எனக்கு உங்கட பெமிஷன் தேவையில்லை, அப்பா. ஆனா நான் போக முந்தி நீங்கள் ஓம் எண்டு ஒருக்காச் சொல்லவேணும். ஓமோ?”

“பொங்கல் ஆறுது, சாப்பிடு” என்றேன்.

நான் கவிதை எழுதுகிறவன். ஒரு மரத்தைப் பற்றி நாற்பது வரி எழுதுவேன், மரமே போதும் என்று சொல்லும்வரை. அந்த இரண்டு எழுத்து என் வாயில் வரவில்லை. அடுத்து வந்த கிழமைகளில் அவள் “ஓமோ?” என்று கேட்டபோதெல்லாம் எனக்கு அவசர வேலை வந்தது. கார் கழுவினேன். பிறீசரில் பனி சுரண்டினேன். ஒரு தடவை ஹென்ரிக்கின் காரையும் கழுவினேன்.

இது பரம்பரை வியாதி. நான் ஊரைவிட்டுப் புறப்பட்ட நாளில் என் அப்பா முற்றத்தில் நின்று சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். ரயர் கல்லாக இறுகிவிட்டது. மறுபடியும் அடித்தார்.

கறுப்பு உடுப்பும் கெக்கட்டமும்

ஹென்ரிக்கின் புகையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு வெளிச்சம் அடித்தது. ஆரணி புறப்பட இன்னும் ஒன்பது நாள். நான் ஏன் வாயால் சொல்லவேண்டும்? அந்தப் படம் சொல்லட்டுமே! பிள்ளை சண்டைக்குப் போகிறான், வீட்டார் காத்திருக்கிறார்கள், லீவு கிடைக்கிறது, சந்தோசத்தில் விழுகிறார்கள். என் சம்மதத்தை அதைவிட வடிவாக யார் சொல்வது?

பெயர் தெரியாது. வெள்ளைப் படி, இரும்புக்கடை, தகரம் பொறுக்கும் தங்கச்சி என்று சொன்னேன். முப்பத்தைந்து வருஷமாக நான் மனதில் தேடிய படத்தை ஆரணி கைபேசியில் நாலு நிமிஷத்தில் பிடித்துவிட்டாள். அதன் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீங்களும் தேடிப் பார்ப்பீர்கள். பிறகு பரமேஸ் ரீச்சரின் படம் உங்களுக்கு இல்லாமல் போய்விடும்.

“நல்ல பகிடியான படம். முடிவு அருமையா இருக்கும்” என்று சொல்லி, இரண்டு பேரையும் சோபாவில் இருத்தினேன். டேனிஷ் எழுத்து ஓடியது. சீனிப் பாத்திரம் வந்தபோது நான் ஒருவன்தான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சைக்கிள் வந்தது. உறை வந்தது. நான் கைதட்டத் தயாராகக் கையை உயர்த்தினேன்.

கீழே இரண்டு வரி. அதில் வெள்ளிக்கிழமை இல்லை. லீவு இல்லை. பிள்ளையும் இல்லை.

ஆரணி படத்தை நிறுத்தினாள். அம்மாக்காரி பாதி விழுந்தபடி படியில் தொங்கினாள். என் இரண்டு கையும் காற்றில் நின்றன.

“அப்பா... இதுவோ உங்கட பகிடிப் படம்?”

“ஆமிக்குப் போற பிள்ளைக்குப் போட்டுக் காட்டுற படத்தைப் பார்!” என்றாள் சுகந்தி. “உங்களுக்கென்ன விசரே?”

“பொறுங்கோ, பொறுங்கோ. லீவு கிடைச்சது... முடிவிலை வருவான்” என்று நான் உளறினேன். முடிவுவரை ஓடவிட்டேன். அவன் வரவில்லை. நாலாம் கோப்பையை மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோபாவில் நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒன்றொன்றாகச் சொன்னேன். தவில் அடித்ததை, கால் ஏலாமல் போனதை, வியாழக்கிழமையை. “அவையள் நல்ல காரியத்துக்குக் கறுப்புத்தான் உடுப்பினம்” என்று ரீச்சரின் குரலில் சொன்னபோது ஆரணியின் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. அவள் வாயைப் பொத்தினாள். சுகந்தி அவளைப் பார்த்தாள். அவ்வளவுதான். மூன்று பேரும் வெடித்துவிட்டோம். சுகந்தி சோபாவிலிருந்து வழுக்கி நிலத்தில் இருந்தாள். “அறை ஒதுக்குறாராம்... ஐயோ, அறை ஒதுக்குறாராம்!” ஹென்ரிக் யன்னலில் தட்டி, எல்லாம் சரியா என்று கேட்டார்.

சிரிப்பு ஓய்கிற இடத்தில்தான் என் வாய் தவறிவிட்டது.

“பதினொரு மாசம் உன்ர முகத்தைக் காணாமல் நான் என்னெண்டு இருக்கிறது?”

ஆரணி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தாள்.

“ஆர் சொன்னது காணாமல் எண்டு? அப்பா, ஆமியிலிருந்து வந்த கடிதத்தை உங்களுக்கு அனுப்பினனான், நீங்கள் படிக்கவே இல்லையோ? வெள்ளிக்கிழமை மத்தியானம் விடுவினம். ஒவ்வொரு கிழமையும். ஊத்தை உடுப்புப் பையோட வருவன்.”

“வெள்ளிக்கிழமையோ?”

“வெள்ளிக்கிழமை.”

ஆமி என்றால் போனவர் வரமாட்டார் என்று எனக்குப் பழகியிருந்தது. ஆமி வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளையை அவிழ்த்துவிடும் என்று யார் கண்டது? ரீச்சரின் தந்தி சுற்றிச் சுற்றி, முப்பத்தைந்து வருஷம் பிந்தி, சரியான விலாசத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது!

“வெள்ளிக்கிழமை வேற விசயம்” என்றாள் ஆரணி. “நான் கேட்டது இன்னும் நிக்குது. ஓமோ?”

நான் கோப்பி போட எழும்பிவிட்டேன்.

ஹ்விடோவ்ரேக்கு ஒரு தொலைபேசி

பரமேஸ் ரீச்சர் இப்போது இந்நாட்டுத் தலைநகருக்குப் பக்கத்தில், ஹ்விடோவ்ரேயில் மகனோடு இருக்கிறார். அழைத்தேன். பின்னால் சீட்டு அடிக்கும் சத்தம் கேட்டது. முன்னூற்றிநாலு விளையாட்டு.

“கெதியாச் சொல்லு தம்பி. என்ர கையிலை அருமையான சீட்டு.”

“ரீச்சர், அந்தக் கல்யாண வீட்டுப் படம். நீங்கள் எங்களுக்குப் பொய் சொன்னனீங்கள்!”

எந்தப் படம், எந்தக் கல்யாணம் என்று அவர் கேட்கவில்லை. ஒரு மூச்சு இழுத்தார்.

“பொய் என்னத்துக்கு? எனக்கு வாயே வரேல்லை. தந்தியிலை பெடியன் செத்துப்போனான் எண்டு கிடந்தது. சனமெல்லாம் யோகமக்காவைப் பாக்குது. அப்பதான் பக்கத்திலையிருந்து யோகமக்கா என்ர தொடையிலை ஒரு நுள்ளு நுள்ளினா. ‘வெள்ளிக்கிழமை வாறானாம் எண்டு சொல்லும், ரீச்சர். சனம் சிரிக்கட்டும்’ எண்டா. நான் சொன்னன்.”

“அவவுக்கு இங்கிலிஷ் தெரியாதே!”

“முகம் தெரியுமெல்லோ.” சீட்டு ஒன்று மேசையில் அடிபட்டது. “கறுப்பு உடுப்பு மட்டும்தான் என்ர சொந்தச் சரக்கு. மற்றதெல்லாம் அவதான் சொல்லித் தந்தவ. மேசையிலை நாலு கோப்பை வரேக்கை மட்டும் அவ ஒண்டும் சொல்லேல்லை. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தா.”

நான் குசினி அடுப்பை மறந்துபோனேன். கோப்பி பொங்கி வழிந்தது.

இதைப் படிக்கிறவர்கள் மனம் கனத்து இருக்கவேண்டாம். யோகமக்காவின் மூத்தவன் வந்தான். வெள்ளிக்கிழமையில் இல்லை. அந்த வருஷமும் இல்லை. ஏதோ ஒரு புதன்கிழமை, மெலிந்து, தாடியோடு, படலையைத் திறந்தான். இப்போது லண்டனில், என்னைவிடத் தொந்தி பெரிது.

“வைக்கிறன் தம்பி. இவளவை என்ர சீட்டை எட்டிப் பாக்கிறாளவை” என்று ரீச்சர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

இரண்டாம் மேடை

திங்கட்கிழமை காலை, வைலே ஸ்ரேசன். வடக்கே போகும் ரயில்.

வெள்ளிக்கிழமையைப் பற்றித் தெரியமுன் சொந்தக்காரருக்கெல்லாம் பதினொரு மாதம் என்று சொல்லிவிட்டேன். திருத்திச் சொன்னேன். “அதுக்கென்ன, திங்கட்கிழமை போறாள்தானே” என்றார்கள். கிரின்ஸ்டெட்டிலிருந்து இரண்டு கார். கனடாவுக்கு வழியனுப்புகிறதைப் போலப் பதினான்கு பேர் மேடையில் நின்றோம். ஒருவர் வீடியோ எடுத்தார். சுகந்தி ஒரு பையில் பருத்தித்துறை வடை, எள்ளுருண்டை, மிளகாய்த்தூள் போத்தல்.

“அம்மா, மிளகாய்த்தூள் என்னத்துக்கு? யுத்தத்துக்கோ?”

“அங்கை சப்பெண்ட சாப்பாடு தருவினம். மேலாலை தூவு.”

கொஞ்சம் தள்ளி ஒரு டேனிஷ் பெடியனும் அவன் தாயும். அவனுக்கு ஒரு முதுகுப்பை. தாய் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். வழியனுப்பல் முடிந்தது. அவள் எங்களைப் பார்த்து, பார்த்து, பொறுக்காமல் கிட்ட வந்து மெல்லக் கேட்டாள், உங்கள் மகள் வெளிநாட்டுக்கா போகிறாள், எவ்வளவு காலத்துக்கு என்று.

“வெள்ளிக்கிழமை வரைக்கும்” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து இரக்கத்தோடு குலுக்கிவிட்டுப் போனாள்.

ரயில் வந்தது. நான் ஆரணியின் முதுகுப்பை வாரை இறுக்கினேன். அது இறுகித்தான் இருந்தது. மறுபடியும் இறுக்கினேன். என் விரலுக்குக் கீழே, சத்தியமாக, சைக்கிள் பம்பின் கைபிடி தட்டுப்பட்டது.

“அப்பா, மூச்சு முட்டுது.”

கையை எடுத்தேன். அவள் எல்லாரையும் கட்டிப்பிடித்தாள். வடை டப்பா பிதுங்கியது. அவள் படியேறினாள். எங்கேயோ விசில் ஊதியது. கதவு மூடப் பார்த்தது. அவள் ஒரு காலைக் குறுக்கே வைத்துக்கொண்டு வெளியே எட்டினாள். இவ்வளவு நாளும் கேட்ட கேள்வியை அவள் இப்போது கேட்கவில்லை. என்னிடம் கேட்டுக் களைத்திருப்பாள்.

“வெள்ளிக்கிழமை வாறன், அப்பா. புட்டும் இறால் குழம்பும் வைப்பீங்களோ?”

“ஓம்!”

அந்தச் சொல் என் வாயிலிருந்து எவ்வளவு பெரிதாக வந்ததென்றால், மேடையில் இருந்த புறாக்கள் எழும்பிவிட்டன. ஆரணி என்னை ஒரு கணம் பார்த்தாள். ரயில்காரர் கையை ஆட்டிக் கத்தினார்.

“எதுக்கு ஓம்? இறாலுக்கோ?”

“எல்லாத்துக்கும் ஓம், பிள்ளை. காலை எடு.”